எஃப்-1 விசாவில் அமெரிக்காவில் படிக்கிறீர்களா? முதல் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜனவரி கடைசி வாரம் வந்துவிட்டால் எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பிக்கும். "அண்ணா, எனக்கு வேலையே இல்லையே, நானும் ஃபைல் பண்ணணுமா?" "ரூம்மேட்டுக்கு எல்லா வரியும் திரும்பி வந்துடுச்சாம், எனக்கு மட்டும் ஏன் வரல?" கேட்கிறவர்கள் பெரும்பாலும் முந்தைய ஆகஸ்டில் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். ஊரில் ஒருமுறைகூட வருமான வரி கட்டியிருக்க மாட்டார்கள், பான் கார்டுகூட கல்விக்கடனுக்காக எடுத்ததாகத்தான் இருக்கும்.

நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் வசந்த காலத்தில் எங்கள் அப்பார்ட்மெண்டில் நான்கு பேர் ஒரே ராத்திரியில் இலவச மென்பொருள் ஒன்றில் வரிக்கணக்கு போட்டு முடித்தோம். சீனியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து 'இதுக்கு யெஸ், அதுக்கு நோ' என்று சொல்லச் சொல்ல அழுத்திக்கொண்டே போனோம். பிடித்த வரி முழுக்கத் திரும்பி வந்தது, அந்த வாரம் பிரியாணி. ஏழெட்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் நடத்திய ஒரு கூட்டத்தில்தான், நாங்கள் போட்ட 1040 படிவம் அமெரிக்கர்களுக்கும் வரிக்கணக்கில் ரெசிடென்ட் ஆனவர்களுக்கும் உள்ளது, எங்களுக்கு உரியதே இல்லை, அதில் எடுத்துக்கொண்ட படிப்புச் செலவுச் சலுகைக்கும் எங்களுக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தது. அந்தப் படிவத்தின் கடைசியில் 'பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன்' என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. திருத்தித் தாக்கல் செய்து பணத்தைத் திருப்பிக் கட்டினேன். நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே உள்ளவை 2025-ஆம் ஆண்டு வருமானத்துக்கு, அதாவது 2026-இல் தாக்கல் செய்வதற்கு. தொகைகள் வருடா வருடம் மாறும், முறை மாறாது.

முதலில்: வரிக்கு நீங்கள் யார்?

மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. வரித்துறையான ஐஆர்எஸ் வெளிநாட்டுக்காரர்களை இரண்டாகப் பிரிக்கிறது: ரெசிடென்ட், நான்-ரெசிடென்ட். இதற்கும் உங்கள் விசாவுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது, அமெரிக்காவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்ற நாள் கணக்குதான் தீர்மானிக்கிறது. அந்த வருடத்தில் குறைந்தது 31 நாள் இருந்து, அந்த வருட நாட்கள் முழுதாக, முந்தைய வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருட நாட்களில் ஆறில் ஒரு பங்கு, எல்லாம் கூட்டி 183 வந்துவிட்டால் ரெசிடென்ட்.

இதைப் படித்ததும் 'நான் வருடம் பூராவும் இங்கேதானே இருந்தேன், அப்போ ரெசிடென்ட்தானே' என்று தோன்றும். இல்லை. எஃப்-1 மாணவர்களுக்கு முதல் 5 காலண்டர் வருடங்களின் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. உங்கள் கவுண்டர் பூஜ்யத்திலேயே நிற்கும், ஆகவே நீங்கள் நான்-ரெசிடென்ட். வரித்துறை இதற்கு வைத்திருக்கும் பெயர் 'எக்ஸெம்ப்ட் இண்டிவிஜுவல்'. இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு 'எனக்கு வரியே கிடையாது' என்று நினைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விலக்கு நாள் எண்ணுவதற்குத்தான், வரிக்கு அல்ல.

காலண்டர் வருடம் என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் இருந்தாலும் அது ஒரு முழு வருடம். என்னோடு தங்கியிருந்த ஒருவன் ஸ்பிரிங் செமஸ்டருக்காக டிசம்பர் 28-ஆம் தேதி வந்து இறங்கினான். டிக்கெட் மலிவு என்று நான்கு நாள் முன்னால் வந்ததில் அவனுடைய ஐந்து வருடத்தில் ஒன்று போயே போய்விட்டது. 2023 ஆகஸ்டில் வந்தவருக்கு 2023, 24, 25, 26, 27 ஆகியவை விலக்கு வருடங்கள், 2028 ஜனவரி 1-இலிருந்துதான் நாள் எண்ணத் தொடங்கும். முன்பே எஃப், ஜே விசாக்களில் வந்திருந்தால், பள்ளிப் பரிமாற்றத் திட்டத்திலோ அப்பா அம்மாவோடு எஃப்-2, ஜே-2-விலோ வந்திருந்தாலும், அந்த வருடங்களும் கணக்கில் வரும். மறந்துபோயிருந்தால் ஐ-94 எனப்படும் நுழைவுப் பதிவுக்கான அரசு இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் வந்துபோன தேதிகள் கிடைக்கும். அதை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கே தேவைப்படும்.

படிப்பு முடிந்து ஓபிடி-யில், அதாவது மாணவர் விசாவிலேயே கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதியில், வேலை பார்ப்பவர்களும் எஃப்-1-தான். ஆகவே ஐந்து வருடம் முடியாதவரை இவை எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

வருமானமே இல்லையா? 8843 மட்டும்

ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கவில்லை, அப்பா அனுப்பிய பணத்திலும் கடனிலும்தான் ஓடுகிறது என்றாலும் 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். வரி கட்டும் படிவம் இல்லை இது. 'நான் மாணவன், என் நாட்களை எண்ணாதீர்கள்' என்று வரித்துறைக்குச் சொல்வது, அவ்வளவுதான். அப்பா அனுப்பிய பணம் வருமானம் அல்ல, அதை எங்கும் காட்ட வேண்டாம்.

படிவத்தில் முதல் பகுதியும் மாணவர்களுக்கான மூன்றாம் பகுதியும்தான் உங்களுக்கு. முதல் பகுதியில் இந்த வருடமும் முந்தைய இரண்டு வருடங்களிலும் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்கும், அச்சடித்த தேதிகளை வைத்து எண்ணிப் போடுங்கள். டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போய் வந்த நாட்களைக் கழிக்க வேண்டும். வந்து இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் இங்கே இருந்த நாட்களாகவே சேரும். அதற்குக் கீழே எத்தனை நாளை விலக்கக் கேட்கிறீர்கள் என்று இருக்கும், அதில் இந்த வருட நாட்கள் அத்தனையையும் போடுங்கள். மூன்றாம் பகுதியில் பல்கலைக்கழகத்தின் பெயர், முகவரி, உங்கள் படிப்புக்குப் பொறுப்பானவரின் பெயர், முந்தைய வருடங்களின் விசா வகை.

வேலை இல்லாதவர்களிடம் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது, அதை வாங்க வேலை வேண்டுமே. பரவாயில்லை, 8843-ஐ மட்டும் அனுப்புகிறவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம். கையெழுத்து மட்டும் மறக்காதீர்கள். தனியாக அனுப்பும்போதுதான் இதில் கையெழுத்து வேண்டும், வரிப் படிவத்தோடு சேர்த்து அனுப்பினால் வேண்டாம். தனியாக அனுப்புவதற்குக் கடைசித் தேதி ஜூன் 15. தபாலில்தான் போக வேண்டும், டெக்சாஸ் ஆஸ்டினில் உள்ள ஐஆர்எஸ் மையத்துக்கு. முகவரி படிவத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. குடும்பத்தோடு வந்திருந்தால் எஃப்-2-வில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு உறை.

சம்பளமோ உதவித்தொகையோ வந்திருந்தால்: காகிதங்கள் எல்லாம் வரட்டும்

நூலகத்தில் அடுக்கிய வேலை, டைனிங் ஹாலில் பாத்திரம் எடுத்த வேலை, டிஏ (கற்பித்தல் உதவியாளர்), ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்), கோடை இன்டர்ன்ஷிப், எதுவாக இருந்தாலும் தொகை எவ்வளவு சிறியதானாலும் நான்-ரெசிடென்ட்டுகளுக்கான 1040-என்ஆர் படிவம் போட வேண்டும். சம்பளம் இருந்தால் ஏப்ரல் 15 கெடு. 8843-ஐ இதோடு சேர்த்து இணைக்க வேண்டும்.

சம்பளத்துக்கு, அந்த வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவம் ஜனவரி முடிவுக்குள் வந்துவிடும். இரண்டு இடத்தில் வேலை பார்த்திருந்தால் இரண்டு வரும். வேலை எதுவும் செய்யாமல் கிடைத்த உதவித்தொகைக்கு 1042-எஸ் என்று ஒன்று வரும், அதற்குக் கெடு மார்ச் 15. டபிள்யூ-2 கைக்கு வந்ததும் பிப்ரவரியிலேயே அவசர அவசரமாகத் தாக்கல் செய்துவிட்டு, மார்ச் நடுவில் 1042-எஸ் வந்ததும் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. பொறுங்கள். பல்கலைக்கழகத்திடம் 'எனக்கு 1042-எஸ் வருமா?' என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

1098-டி என்று கல்விக் கட்டணம் காட்டும் படிவமும் வரும். எங்களைக் கவிழ்த்தது இதுதான். இதை மென்பொருளில் போட்டால் கல்விச் சலுகை என்று வரி குறையும், ரீஃபண்ட் தொகை பச்சை நிறத்தில் ஏறும், பார்க்க ஆசையாக இருக்கும். நான்-ரெசிடென்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கோப்பில் போட்டு வையுங்கள், படிவத்தில் ஏற்றாதீர்கள்.

உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போன பகுதிக்கு வரி கிடையாது. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கிடைத்த பகுதிக்கு உண்டு, அதில் பெரும்பாலும் 14 சதவீதம் முன்னதாகவே பிடித்திருப்பார்கள்.

இந்தியர்களுக்கு மட்டும் உள்ள ஒரு வரி

'ஒரு வரி' என்று நான் சொல்வது எழுத்து வரியை. 1989-இல் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. நான்-ரெசிடென்ட்டுகளுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எனப்படும் நிலையான கழிவு கிடையாது என்பது பொதுச் சட்டம். ஆனால் இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு அது உண்டு என்று அந்த உட்பிரிவு தருகிறது. 2025-க்கு, தனிநபருக்கு, 15,750 டாலர்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்கு போட்டால் தெரியும். ஒரு மாணவி டல்லாஸ் பக்கம் படிக்கிறாள், வளாகத்தில் 9,200 டாலர், கோடையில் கலிஃபோர்னியாவில் சிபிடி (படிக்கும்போதே படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைக்கான அனுமதி) இன்டர்ன்ஷிப்பில் 14,000, ஆக மொத்தம் 23,200 டாலர். கழிவு இல்லாமல் போனால் முதல் 11,925-க்கு 10 சதவீதம், மீதிக்கு 12 சதவீதம், சுமார் 2,545 டாலர் வரி. கழிவோடு போனால் 7,450 டாலருக்குத்தான் வரி, 745. வித்தியாசம் 1,800 டாலர். அறை வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிற ஒரு மாணவிக்கு அது இரண்டு மூன்று மாத வாடகை.

1040-என்ஆரில் கழிவுத்தொகை எழுதும் வரியில் இந்தத் தொகையைப் போட்டு, பக்கத்தில் இது இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அனுமதிக்கப்பட்ட கழிவு என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும். ஐஆர்எஸ்-இன் 519-ஆம் வெளியீட்டில் இதற்கென்றே இந்திய மாணவர்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது, எழுத வேண்டிய வாசகம் அப்படியே கிடைக்கும். மென்பொருள் வழியாகப் போனால், நாடு, விசா, வந்த தேதி சரியாகக் கொடுத்தால் அதுவே போட்டுவிடும். ஆனாலும் அச்சடித்த படிவத்தில் அந்த எண் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஒப்பந்தங்கள் நாட்டுக்கு நாடு வேறு. சீன மாணவர்களுக்கு முதல் 5,000 டாலர் வருமானத்துக்கு விலக்கு என்று இருக்கிறது, நமக்கு அது இல்லை. ஆய்வகத் தோழர் சொன்னார் என்று அதை எழுதிவிடாதீர்கள், அவர் அவருக்குச் சரியானதைத்தான் சொன்னார். அதேபோல, இலங்கையிலிருந்து வந்த நம் தமிழ் நண்பர்களுக்கு இந்த 21-ஆம் பிரிவு பொருந்தாது. அவர்கள் தங்கள் நாட்டு ஒப்பந்தத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பே ஸ்லிப்பில் 7.65 சதவீதம்

இதில் பணம் போவது பலருக்குத் தெரிவதே இல்லை. சம்பளத்தில் வருமான வரி தவிர, சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு 6.2 சதவீதமும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதமும் பிடிப்பார்கள். இரண்டையும் சேர்த்து ஃபைகா என்பார்கள். நான்-ரெசிடென்ட்டாக இருக்கும் எஃப்-1 மாணவர்களுக்கு இது கிடையாது. வளாக வேலைக்கும் கிடையாது, அனுமதியோடு செய்யும் சிபிடி-க்கும் ஓபிடி-க்கும் கிடையாது.

பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் சரியாகப் பார்த்துக்கொள்ளும். வெளி நிறுவனங்களின் பேரோலில் அமெரிக்கர்களுக்குப் பிடிப்பதுபோலவே பிடித்துவிடுவார்கள், வேண்டுமென்று அல்ல, அவர்களுக்குத் தெரியாது. டபிள்யூ-2-வில் 4-ஆம் கட்டத்தையும் 6-ஆம் கட்டத்தையும் பாருங்கள். இரண்டும் காலியாக இருக்க வேண்டும். மேலே சொன்ன மாணவியின் இன்டர்ன்ஷிப் டபிள்யூ-2-வில் 4-ஆம் கட்டத்தில் 868, 6-ஆம் கட்டத்தில் 203 என்று இருந்தால், 1,071 டாலர் தவறாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதை 1040-என்ஆரில் திரும்பக் கேட்க முடியாது. முதலில் ஹெச்ஆருக்கு எழுதுங்கள், அவர்களே திருப்பித் தந்து திருத்திய டபிள்யூ-2 கொடுக்கலாம். மறுத்துவிட்டால், அல்லது பதிலே இல்லை என்றால், ஐஆர்எஸ்-க்கு 843 என்ற படிவத்தோடு 8316 என்ற படிவத்தையும் சேர்த்து, விசா, ஐ-94, பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவம், வேலை அனுமதி, டபிள்யூ-2 ஆகியவற்றின் நகல்களோடு தபாலில் அனுப்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் உரிமைப் பணம், விடாதீர்கள். இதைவிட நல்லது, வேலையில் சேரும் அன்றே வரிப் பிடித்தத்துக்கான டபிள்யூ-4 படிவம் நிரப்பும்போது 'நான் நான்-ரெசிடென்ட் எஃப்-1, எனக்கு ஃபைகா பிடிக்கக் கூடாது' என்று எழுத்தில் சொல்லிவிடுவது. முதல் பே ஸ்லிப் வந்ததும் திறந்து பாருங்கள். பலர் வங்கியில் விழுந்த தொகையைப் பார்ப்பதோடு சரி.

எதில் தாக்கல் செய்வது

நமக்கு வரும் விளம்பரங்களில் உள்ள பிரபல மென்பொருள்கள் பெரும்பாலும் 1040 மட்டுமே போடும். நான்-ரெசிடென்ட்டுகளுக்கான ஸ்பிரிண்டாக்ஸ் போன்றவற்றுக்குப் பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு இலவசக் குறியீடு தருகின்றன, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டா என்ற இலவச உதவி மையங்களும் உண்டு. போகும் முன் 'வெளிநாட்டு மாணவர் கணக்குப் போடுவீர்களா?' என்று கேட்டுவிட்டுப் போங்கள், எல்லா மையத்திலும் அந்தப் பயிற்சி பெற்றவர்கள் இருப்பதில்லை.

ஏற்கெனவே 1040 போட்டுவிட்டீர்களா? பதற வேண்டாம். 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தோடு சரியான 1040-என்ஆரை இணைத்து அனுப்பலாம், கூடுதலாக வாங்கிய தொகையையும் கட்டிவிட வேண்டும். 2020-இல் கொரோனா நிவாரணமாக 1,200 டாலர் கொடுத்தபோது, 1040 போட்டிருந்த வெளிநாட்டு மாணவர்கள் பலர் கணக்கில் அது தானாக வந்து விழுந்தது. தகுதி இல்லாத அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. வரித்துறை கண்டுபிடித்து எழுதும்வரை காத்திருப்பதைவிட நாமே திருத்திவிட்டால் மனசு நிம்மதி. அமெரிக்காவில் நெடுநாள் இருக்க நினைக்கிறவர்களுக்குப் பழைய வரிக்கணக்குகள் பின்னாளில் எங்காவது கேட்கப்படும்.

பங்குச் சந்தை, வங்கி வட்டி

அமெரிக்க வங்கி சேமிப்புக் கணக்கின் வட்டிக்கு நான்-ரெசிடென்ட்டுக்கு வரி இல்லை. ஊரில் உள்ள வைப்புத்தொகை வட்டியும் இங்கே வராது. ஆனால் போனில் ஆப் வைத்துப் பங்கு வாங்கி விற்கிறவர்கள் கவனமாக இருங்கள். அந்த வருடம் 183 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்திருந்தால், பங்கு விற்ற நிகர லாபத்துக்கு நேராக 30 சதவீதம். ரெசிடென்ட் கணக்கில் எண்ணப்படாத அதே நாட்கள் இங்கே மட்டும் எண்ணப்படும். 15,750 கழிவும் இதற்குப் பொருந்தாது. படிக்கும் காலத்தில் அன்றாட டிரேடிங் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மாநில வரி

டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை. மற்ற இடங்களில் தனிப் படிவம் உண்டு. படிப்பது டெக்சாஸில் என்றாலும் இன்டர்ன்ஷிப் கலிஃபோர்னியாவில் என்றால், அந்தச் சம்பளத்துக்குக் கலிஃபோர்னியாவின் 540-என்ஆர். அந்த மாநிலம் மத்திய அரசின் வரி ஒப்பந்தங்களை ஏற்பதில்லை, ஆகவே 21-ஆம் பிரிவை அங்கே காட்ட முடியாது, அவர்கள் தரும் சிறிய கழிவு மட்டும்தான்.

ஐந்து வருடம் முடியும்போது, எச்-1பி வரும்போது

பிஎச்டி படிப்பவர்களுக்கு ஆறாவது வருடம் எல்லாம் மாறும். 2021-இல் வந்தவர் 2026-இல் 183 நாள் இருந்துவிட்டால் ரெசிடென்ட். அப்போது 1040 சரியான படிவம், உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் காட்ட வேண்டும், ஊரில் உள்ள வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற தனி அறிக்கையும் உண்டு. அப்பாவோடு கூட்டாக இருக்கும் கணக்கும் இதில் சேரும்.

ஓபிடி-யிலிருந்து அக்டோபர் 1-இல் எச்-1பி வேலை விசாவுக்கு மாறுபவர்களுக்கு, டிசம்பர் வரை 92 நாள்தான் எண்ணிக்கையில் வருகிறது. ஐந்து வருடம் முடியாதவராக இருந்தால் அந்த வருடமும் பெரும்பாலும் நான்-ரெசிடென்ட்தான். ஆனால் ஃபைகா அக்டோபர் 1-இலிருந்தே பிடிப்பார்கள், அது சரிதான், சண்டைக்குப் போகாதீர்கள்.

ஊர் பக்கம்

கல்விக்கடன் வட்டியை அப்பாவோ அம்மாவோ கட்டிவந்தால், கடன் அவர் பெயரிலும் இருந்தால், பழைய வரிமுறையில் 80இ பிரிவின்கீழ் 8 வருடம்வரை கழித்துக்கொள்ளலாம். கட்டணம் அனுப்பும்போது வங்கி டிசிஎஸ் என்ற முன்வரி பிடித்திருந்தால், அது அவர் தன் வருமான வரிக்கணக்கில் கணக்குக் காட்டித் திரும்பப் பெறக்கூடிய பணம். பல வீடுகளில் அதை வங்கிக் கட்டணம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அடுத்தமுறை பேசும்போது அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, தபாலில் அனுப்புகிறவர்கள் தபால் நிலையத்துக்கே போய் 'சர்ட்டிஃபைட் மெயில்' என்று கேட்டு அனுப்புங்கள். தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு. அனுப்பும் முன் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து, அந்த ரசீதையும் சேர்த்து, வருடம் போட்டு ஒரு ஃபோல்டரில் வையுங்கள். எனக்கு நான்கு வருடம் கழித்து ஒரு 8843 நகல் தேவைப்பட்டது, அந்த ஃபோல்டரில்தான் கிடைத்தது.